கேட்லியா: எப்போது தொட்டி மாற்றுவது, எப்போது கட்டையில் கட்டுவது?

பல்லடம் மாடி

எல்லோருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே மூன்று கேட்லியா ஆர்கிட் செடி வைத்திருக்கிறேன். இந்த வருடம் எதிலும் கை வைப்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன். போன வருடம் நான் செய்த காரியம் அப்படி.

போகிக்கு வீடு சுத்தம் செய்தபோது கையோடு மாடியையும் ஒழுங்குபடுத்தினேன். நெட்டையாக வளர்ந்து உச்சியில் இரண்டு இலை விடும் ரகம் ஒன்று இருந்தது. பச்சை இதழில் பழுப்புப் புள்ளி விழும். தொட்டிக்குள் தேங்காய் மட்டைத் துண்டுகள் மக்கிப் போயிருந்தன. செடியை எடுத்துக் கழுவி, புதுக் கரியும் செங்கல் சில்லும் போட்டு நட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரு வேர்கூட வரவில்லை. பல்புகள், அதாவது தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தடித்த தண்டுகள், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வரிவரியாகச் சுருங்கின. ஏழு பல்பில் இரண்டுதான் மிச்சம். நான்கு வருடம் வளர்த்த செடிங்க, மாடிக்குப் போனாலே அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இப்போது மற்ற இரண்டைப் பற்றிக் கேட்கிறேன். ஊதாப் பூ பூக்கும் பெரிய கலப்பினம் ஒன்று, 6 அங்குல மண் தொட்டியில் இருக்கிறது. கடைசி இரண்டு பல்பு விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது, வேர் காற்றில் தொங்குகிறது. இன்னொன்று வாக்கேரியானா என்ற கேட்லியா ரகம். வாங்கின பிளாஸ்டிக் தொட்டியிலேயே, தேங்காய் நார்த் துண்டில் இருக்கிறது. அதைத் தொட்டி இல்லாமல் மரக்கட்டையில் கட்டினால் நன்றாக வரும் என்று சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் காற்று உங்களுக்கே தெரியும். ஆனியிலிருந்து ஆவணி வரை கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

எந்த மாதம் செய்யலாம், சொல்லுங்க.

கோபி வாய்க்கால்

செடி போனது வருத்தமாக இருக்குங்க. எனக்கும் ஆரம்பத்தில் இப்படி நடந்திருக்கிறது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள். நான் எல்லாச் செடியையும் ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில்தான் மாற்றுவேன். வெயில் தணிந்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்து வயல் நனைந்துவிட்டால் காற்றிலும் ஈரம் வந்துவிடும். பத்தில் ஏழு எட்டு பிழைத்துக்கொள்ளும். பொங்கல் சமயம் பனியும் வறண்ட காற்றுமாக இருக்கும், அது சரியான நேரமே கிடையாது.

ஆனைமலை அடிவாரம்

தம்பி, இருபது வருடமாகக் கேட்லியா வளர்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிங்க.

கோபித் தம்பி சொன்ன ஈரக்காற்று விஷயம் சரி. ஆனால் பத்தில் இரண்டு மூன்று ஏன் போகிறது? அந்த இரண்டு மூன்றுக்கு ஆடியில் வேர் விடும் நேரம் இல்லை, அதனால்தான். ஆடிப் பட்டம் மழையை நம்பி மண்ணில் போடும் விதைக்கு. கேட்லியா நம் பஞ்சாங்கத்துக்குப் பிறந்த செடி இல்லை. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காக் காடுகளில் மரக்கிளை மேல் ஒட்டி வளர்வது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பட்டம் உண்டு. அதை அதன் அடியில்தான் பார்க்க வேண்டும்.

கேட்லியா பக்கவாட்டில் ஊர்ந்து போகும். கடைசிப் பல்பின் அடியில் இருக்கும் கண் உடைந்து குருத்து வரும், குருத்து நீண்டு பல்பாகப் பருக்கும், இலை முற்றும், உறை விட்டுப் பூக்கும். இந்தச் சுற்றில் ஏதோ ஒரு கட்டத்தில் புதுப் பல்பின் அடியிலிருந்து ஒரு கொத்து வேர் புறப்படும். சில செடி குருத்து பாதி வளரும்போதே வேர் விடும். சில செடி பல்பு முற்றி, பூத்து ஓய்ந்த பிறகுதான் விடும். கலப்பினங்களில் இரண்டும் கலந்திருக்கும், எந்த மாதமும் வரலாம்.

தொட்டி மாற்றும் நேரம் அதுதான். மாற்றும்போது பழைய வேரில் பாதி எப்படியும் சேதமாகும். அந்த இழப்பைச் சரிக்கட்ட உடனே புது வேர் வந்தாக வேண்டும். வேர் வரப்போகும் வாரத்தில் மாற்றினால் செடிக்கு நாம் தொட்டது தெரியாது. வேர் விட்டு முடிந்து ஓய்ந்திருக்கும்போது மாற்றினால், அடுத்த பல்பு வரும்வரை வேர் இல்லாமல் பட்டினி கிடக்கும். உங்கள் புள்ளிப் பூச்செடிக்கு அதுதான் நடந்தது. அதிலும் இரண்டிலை ரகங்கள் இதில் ரொம்பக் கண்டிப்பு. ஒற்றை இலை ரகத்தில் பழைய வேரை வெட்டினாலும் சிலது பக்கக் கிளை விட்டுச் சமாளிக்கும். இரண்டிலை ரகம் அநேகமாக அப்படிச் செய்யாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? புதுப் பல்பின் அடியைச் சுற்றி வெள்ளை வெங்காயத் தோல் மாதிரி ஒரு உறை காய்ந்து ஒட்டியிருக்கும். அதை விரல் நகத்தால் மெதுவாக விலக்குங்க. கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்க. முதலில் பல்புகளை இணைத்துப் படுத்து ஓடும் ஊர்தண்டின் அடிப்பக்கம் கடுகளவு புடைப்பு தெரியும். நான்கைந்து நாளில் அது தோலைப் பிளந்துகொண்டு பச்சையாகவோ, சில ரகத்தில் கருஞ்சிவப்பாகவோ, பளபளவென்று முனை நீட்டும். ஒன்றைப் பார்த்துவிட்டால் பக்கத்திலேயே மூன்று நான்கு இருக்கும்.

அந்த முனை ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆகிவிட்டால் கண்ணாடி வளையல் மாதிரி ஒடியும், அந்த நீளத்தில் முனை ஒடிந்த வேர் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். நேரத்தைத் தவறவிட்டால் அவசரப்படாதீங்க. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீண்ட பிறகு மாற்றினால், முனை ஒடிந்தாலும் பக்கக் கிளை விடும்.

பல்பு வெளியே போய்விட்டது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். விளிம்பைத் தாண்டின செடி ஒரு வருடம் அப்படியே இருந்து பூக்கவும் செய்யும். உள்ளே கலவை எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து மோந்து பாருங்க. மழை பெய்த காட்டு வாசம் வந்தால் நல்லது, புளித்த வாடை வந்தால் மக்கிவிட்டது. ஊற்றின தண்ணீர் சட்டென்று அடியில் இறங்காமல் மேலே நின்று இறங்கினாலும், தண்ணீர் விட்டும் பல்பு சுருங்கினாலும், செடியைப் பிடித்து லேசாக அசைத்தால் ஆடினாலும் உள்ளே வேர் போயிருக்கிறது என்று அர்த்தம். எறும்பு புற்று வைத்திருந்தாலும் நான் சந்தேகப்படுவேன். பொதுவாக மட்டை போட்ட தொட்டிக்கு இரண்டு வருடம், கரியும் ஓடும் போட்டதற்கு மூன்று, சில சமயம் நான்கு.

கட்டையில் கட்டுவதற்கும் இதே நேரம்தான். தொட்டிக்குள் வளர்ந்த பழைய வேர் கட்டையை ஒருநாளும் பிடிக்காது. புதுவேர்தான் ஒட்டும்.

கோபி வாய்க்கால்

அக்கா, இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன ஆடியில் மாற்றிப் போன இரண்டு செடியும் தைமாதம் பூத்து மாசியில் வேர் விடுகிறவை என்று இப்போதுதான் உறைக்கிறது. நேற்று சாயங்காலம் எல்லாத் தொட்டியையும் விளக்கு அடித்துப் பார்த்தேன். பதினொன்றில் நான்குக்குத்தான் முனை தெரிகிறது. மீதி ஏழையும் இந்த வருடம் தொடப்போவதில்லை.

மஞ்சள்காடு

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். அழுகல் வந்துவிட்டால் வேர் முனைக்காகக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழை தொடர்ந்து அடித்தபோது, மட்டையில் இருந்த ஒரு செடியின் பின்பல்பு கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. குருத்து இன்னும் வரவில்லையே என்று பத்து நாள் பார்த்தேன். அந்தப் பத்து நாளில் அழுகல் ஊர்தண்டு வழியாக மூன்று பல்பைத் தாண்டிவிட்டது. கறுப்போ பழுப்போ இல்லாமல் உள்ளே சுத்தமான வெள்ளை தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

வெட்டின இடத்தில் நான் எங்கள் காட்டு மஞ்சள்தூளைத்தான் பூசுகிறேன். சிலர் சமையல் பட்டையை (இலவங்கப்பட்டை) தூளாக்கிப் பூசுவார்கள், அதுவும் சரி, ஆனால் வேரில் படக் கூடாது, வேரை வற்ற வைத்துவிடும். பிளேடை ஒவ்வொரு செடிக்கும் புதிதாக எடுங்க, இல்லையென்றால் நெருப்பில் காட்டுங்க. ஆர்கிட் வைரஸ் சாற்றில்தான் பரவும், வந்தால் மருந்து கிடையாது. இரண்டு ரூபாய் பிளேடில் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தச் செடியையும் இழந்த நண்பர் எனக்கு உண்டு.

பல்லடம் அண்ணா, அந்த மீதி இரண்டு பல்பைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. அடியில் பச்சையாக ஒரு கண் இருந்தாலும் போதும். ஆடாமல் ஒரு குச்சியில் இறுக்கிக் கட்டி, நல்ல நிழலில், கலவையை ஊற வைக்காமல் இலை மேல் மட்டும் காலையில் தெளித்து வாங்க.

பல்லடம் மாடி

அக்கா, நேற்று இரவு தறியிலிருந்து வந்ததும் சாப்பிடக்கூட இல்லாமல் மாடிக்குப் போனேன். ஊதாச் செடியின் கடைசிப் பல்பில் அந்த வெங்காயத் தோலை விலக்கினேன். நான்கு புடைப்பு. ஒன்று மட்டும் தோலைப் பிளந்து அரிசி முனையளவு பச்சையாக வெளியே வந்திருக்கிறது. இத்தனை வருடம் செடியின் பூவை மட்டும் பார்த்திருக்கிறேன், இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

வாக்கேரியானாவில் இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு குருத்து மட்டும் இரண்டு சென்டிமீட்டர்.

குச்சி விட்டுப் பார்த்தேன், ஊதாச் செடிக்குப் புளித்த வாடை இல்லை. ஆனால் தொட்டிச் சுவரிலும் கரியிலும் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைப் படிவம். பழைய வேர்களின் முனை எல்லாம் கறுத்திருக்கிறது. எங்கள் போர் தண்ணீரை அளந்தபோது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1400 காட்டியது. அத்திக்கடவுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததைக் குடிக்க மட்டும்தான் வைத்திருக்கிறோம். இதுவும் ஒரு காரணமா?

ஆனைமலை அடிவாரம்

முக்கியக் காரணமே அதாக இருக்கலாம் தம்பி. உப்பு ஏறின கரி, கலவை மக்காமல் இருந்தாலும் வேரைச் சுட்டுவிடும். வேர் மேல் இருக்கும் அந்த வெள்ளைப் பஞ்சு உறை தண்ணீரை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. கரியைப் பழையபடி பயன்படுத்த வேண்டாம், புதிது போடுங்க. செங்கல் சில்லையும் ஓட்டுத் துண்டையும் கழுவி ஊறவைத்துத் திரும்பப் போடலாம். மட்டைத் துண்டு சேர்ப்பதாக இருந்தால் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, தண்ணீர் தெளிந்த பிறகே போடுங்க, அதிலும் உப்பு உண்டு. மூன்று செடிக்கு ஒரு நாளைக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் இரண்டு லிட்டர் போதும். மழை பெய்யும்போது மாடிக் குழாயில் ஒரு டிரம் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்க.

உங்கள் ஊதாச் செடிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாள். தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்தால் சுவரில் ஒட்டின வேர் இளகும். மெல்லிய கத்தியை உள்சுவரை ஒட்டி விட்டுப் பிரியுங்க. எங்காவது விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் தொட்டியை உடைத்துவிட்டு, அந்த ஓட்டுத் துண்டோடு சேர்த்தே புதுத் தொட்டியில் வையுங்க. மண் தொட்டி போனால் போகட்டும். அழுகின வேர் பிதுக்கினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், அதை மட்டும் எடுங்க. பிரிப்பதாக இருந்தால் ஒரு துண்டுக்கு மூன்று நான்கு பல்பாவது இருக்கட்டும். பழைய பல்பு விளிம்பை ஒட்டியும், குருத்து நடுவைப் பார்த்தும் இருக்க வேண்டும். ஊர்தண்டு கலவைக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். இரண்டு வருட வளர்ச்சிக்கு இடம் விட்டால் போதும், பெரிய தொட்டி வேண்டாம். கடைசியாக ஒரு கம்பியில் ஆடாமல் கட்டுங்க. செடி ஆடினால் புது முனை கரியில் உரசித் தேய்ந்துவிடும்.

ஏற்காடு காபித்தோட்டம்

வாக்கேரியானா கேள்விக்கு வருகிறேன். அது பிரேசிலில் மரத்தின் மேலும் பாறை மேலும் வளரும் குள்ள ரகம், நீண்ட வறண்ட காலத்தைத் தாங்கிப் பழகினது. வேர் சீக்கிரம் காய்ந்துவிட வேண்டும் என்று விரும்பும். நார்த் துண்டுக்குள் அதை வைத்திருப்பது கொடுமை. கட்டையில் கட்டுங்க, கண்டிப்பாகக் கட்டுங்க.

கட்டைக்குப் பட்டை உரியாத மரமாக இருக்க வேண்டும். கொய்யா, யூக்கலிப்டஸ் வேண்டாம், பட்டை உரியும்போது வேரும் கூடவே போகும். தேங்காய் மட்டை ஒன்றரை வருடத்தில் இற்றுவிடும். நான் காபிச் செடிக் கட்டையில்தான் கட்டுகிறேன். கவாத்து செய்யும்போது கிடைக்கும், உறுதியான மரம், எங்கள் வீட்டில் ஒரே கட்டை ஒன்பது வருடமாக இருக்கிறது. மாங்கிளையும் நல்லது. பாசியை அடியில் திணிக்க வேண்டாம். குருத்து மேலே பார்த்தும், வேர் முனை கட்டையைத் தொட்டும் இருக்கும்படி இறுக்கிக் கட்டுங்க. கையில் தூக்கி ஆட்டினால் செடியும் கட்டையும் ஒன்றாக ஆட வேண்டும்.

ஏற்காட்டுக்கு வந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டத்தைப் பாருங்க. வேர் காற்றில் எப்படி வாழ்கிறது என்பது அங்கே நேரில் பார்த்தால் புரியும்.

ஆனைமலை அடிவாரம்

ஏற்காட்டுத் தம்பியோடு கட்டை விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை, ஊர் விஷயத்தில்தான் மாறுபடுகிறேன். உங்கள் மலையில் காலையில் மூடுபனியே பாதித் தண்ணீரை ஊற்றிவிடுகிறது. எனக்கும் மலை அடிவாரம், சுற்றிலும் தென்னந்தோப்பு. பல்லடம் அப்படியா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக அந்த மொட்டைமாடியில்தான் அடிக்கிறது. ஆடியில் மேகம் மூடியிருக்கும், மழை மட்டும் இருக்காது. கட்டையில் காலை ஆறு மணிக்கு ஊற்றினால் ஏழுக்குக் காய்ந்திருக்கும்.

அதனால் பல்லடம் தம்பி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கட்டையில் கட்டின செடிக்குத் தினமும் ஒரு முறை, கோடையிலும் காற்றுக் காலத்திலும் இரண்டு முறை தண்ணீர் வேண்டும். ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஊற்ற வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் தேக்குச் சட்டத்தில் செய்த ஆழமில்லாத கூடையில், பெரிய கரித்துண்டு ஏழெட்டு மட்டும் போட்டு வையுங்க. வேர் காற்றாட இருக்கும், கட்டையைவிடக் கொஞ்சம் ஈரம் நிற்கும். கூடையில் இன்னொரு வசதி, நிறைந்துவிட்டால் அப்படியே இன்னொரு பெரிய கூடைக்குள் இறக்கிவிடலாம். வேரைத் தொடுவதில்லை என்பதால் அதற்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

ஏற்காடு காபித்தோட்டம்

அக்கா சொல்வது நியாயம். காற்றை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஈரப்பதத்தைவிடத் தண்ணீர் ஊற்றும் கைதான் முக்கியம் என்று இப்போதும் நம்புகிறேன். அது இருந்தால் பல்லடத்திலும் முடியும்.

பல்லடம் மாடி

பகலில் அம்மா இருக்கிறார்கள். காலையில் நான் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன், சாயங்காலம் நான்கு மணிக்கு அம்மா ஊற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலியோடு அவர்களை மாடி ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாக்கேரியானாவைக் கீழே வாசலில், வேப்பமர நிழலில், மேற்குச் சுவர் காற்றை மறைக்கும் இடத்தில் தொங்கவிடலாம் என்று இருக்கிறேன். வேர் முனை வந்த பிறகுதான்.

கட்டுவதற்கு நைலான் நரம்பு தேட வேண்டுமா என்று யோசித்தேன். இங்கே பனியன் கம்பெனி வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. இழுத்தால் நீளும், வேரை அறுக்காது. ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக் கட்டலாமா?

ஆனைமலை அடிவாரம்

அருமையான யோசனை. பருத்தித் துணியாகப் பாருங்க. அது இற்று விழுவதற்குள் வேர் பிடித்துவிடும். நீங்களாக அவிழ்க்க வேண்டிய வேலை இருக்காது. ஊர்தண்டின் மேல் கட்டுங்க, குருத்தின் மேல் துணி படக் கூடாது.

கோபி வாய்க்கால்

ஒன்று மறந்துவிட்டோம். கரப்பானும் நத்தையும். புது முனை அவற்றுக்குக் கரும்பு மாதிரி. எங்கள் பக்கம் வாய்க்கால் ஓரம் நத்தைத் தொல்லை அதிகம். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு முறை விளக்கோடு சுற்றி வாங்க. காலையில் பார்த்து வேர் வளரவில்லையே என்று நினைப்போம், முனையை ராத்திரியே தின்றிருக்கும்.

பல்லடம் மாடி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஊதாச் செடியை அந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றினேன். ஒரு பக்கம் வேர் விடவே இல்லை, தொட்டியை உடைத்துத்தான் எடுத்தேன். மூன்று ஓட்டுத் துண்டு வேரோடு உள்ளே போயிருக்கிறது. முதல் இரண்டு வாரம் வெறும் தெளிப்பு, மழைத்தண்ணீர் மட்டும். அப்போது நான்காக இருந்த முனை இப்போது ஒன்பது. மிக நீளமானது அளந்தால் 8 சென்டிமீட்டர், கரிக்குள் இறங்கிவிட்டது. பல்பில் ஒரு வரிகூடச் சுருங்கவில்லை.

வாக்கேரியானாவுக்குப் போன வாரம்தான் முனை வந்தது. ஒரு சிவப்பு, இரண்டு பச்சை கலந்தது. பக்கத்துத் தோட்டத்து மாங்கிளையில், வெள்ளைப் பனியன் துணியால் கட்டி வேப்பமரத்தடியில் தொங்குகிறது. இன்று நான்கு மணிக்கு அம்மா தறிக்குப் போன் செய்து, ஒரு வேர் திரும்பி மரத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து விளக்கு அடித்துப் பார்த்தேன். தொட்ட இடத்தில் முனை கொஞ்சம் தட்டையாகி, பட்டையோடு ஒட்டியிருக்கிறது.

புள்ளிப் பூச்செடியின் இரண்டு பல்பும் அப்படியே இருக்கிறது. கண் ஒன்று வீங்கினது போலத் தெரிகிறது. அதை மட்டும் தினமும் பார்க்கிறேன், தொடுவதில்லை.